ரெண்டு கையாலயும் பிடிங்க

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, எனக்குச் சமைக்கத் தெரியும் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்ததே இல்லை. வந்த அந்த ஒரு வாரத்தில் என் சாச்சாவின் கல்யாணத்தைக் கெடுத்தேன்.

அப்போது நாங்கள் துபாயில், தேராவில், கீழே கிராசரியும் சலூனும் இருக்கும் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். வாப்பாவுக்கு ஒரு மொத்த ஜவுளிக்கடையில் வேலை. வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்கு அதே கடையின் கோடவுனில் வேலை. உள்ளறை எங்களுக்கு, ஹால் சாச்சாவுக்கு. பகலில் ஹால் எல்லோருக்கும் பொது. இரவில் பாயை விரித்துவிட்டால் அது சாச்சாவின் ரூம். அதற்குள் போவதற்கு நான் கதவு இல்லாத இடத்தில் நின்று கதவைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டுவேன். அவரும் "யாரது, அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் கோடவுனின் இரும்பு ஷட்டர் கழன்று சாச்சாவின் இடது மணிக்கட்டில் விழுந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது, விரல்கள் கூடவில்லை. பார்ப்பதற்கு நல்ல கைதான். வடு கூட வாட்ச்சுக்கு அடியில் போய்விடும். ஆனால் அந்த விரல்கள் எதையும் பற்றிப் பிடிக்காது. சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட அவர் பழகிக்கொண்டார். மூட்டை தூக்கும் வேலையிலிருந்து பில் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். என்னிடம், "இது சோம்பேறிக் கை புள்ள, வேலை சொன்னா கேக்காது" என்பார். நானும் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, "எந்திரி, எந்திரி" என்று எழுப்பி விளையாடுவேன்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. வளைகுடாவில் இருப்பவர்கள் ஊருக்கு சோப்பு அனுப்புவார்கள், தைலம் அனுப்புவார்கள், போர்வை அனுப்புவார்கள். கெட்ட செய்தி மட்டும் அனுப்ப மாட்டார்கள். வீடியோவில் பேசும்போது சாச்சா வலது கையில் போனைப் பிடித்திருப்பார். முகம் மட்டும் தெரியும். முகம் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் கீழக்கரையில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். போனில் படம் வந்தது. சாச்சா அதை என்னிடம் காட்டி, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எங்கள் சயின்ஸ் மிஸ் மாதிரி இருக்கிறார்கள் என்றேன். எங்கள் சயின்ஸ் மிஸ்ஸை அவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மாதாமாதம் ஒரே சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர், அந்த மாதம் இரண்டு தடவை போனார். உம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பெண் வீட்டுக்காரர்களுக்கு மாப்பிள்ளையை நேரில் பார்க்க வேண்டுமென்றால், அதற்காக விமானம் ஏறி வர முடியாது. வளைகுடாவிலேயே இருக்கிற சொந்தக்காரர் யாரையாவது அனுப்பிவைப்பார்கள். அவர் வருவார், சாப்பிடுவார், பொதுவாகப் பேசுவார், கை கழுவப் போகிற சாக்கில் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு ஊருக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரவிருந்தவர் பெண்ணின் தாய்மாமா. ஷார்ஜாவில் இருந்தார். வெள்ளிக்கிழமை அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

என் வாரமும் அதே வாரம்தான்.

டேப்லெட்டில் ஒரு அமெரிக்கப் பெண் சமையல் செய்து காட்டும் வீடியோவைப் பார்த்திருந்தேன். கொத்துக்கறியை வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கி, தக்காளி சாஸும் கடுகு சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து, கொழகொழவென்று ஆனதும் ரொட்டிக்கு நடுவில் அள்ளி வைத்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைத் தின்றார்கள். பெயர் ஸ்லாப்பி ஜோ. அந்தப் பிள்ளைகள் தங்கள் உம்மாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் சமைத்ததைத் தின்றுகொண்டே என்னையும் யாராவது அப்படிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டில் சொன்னேன். அன்றிலிருந்து வேறு எதையுமே சொல்லவில்லை.

"யாரு இந்த ஜோ?" என்று வாப்பா கேட்டார். "நம்மூர்க்காரரா?"

வெள்ளிக்கிழமை இரவுக்குத்தான் செய்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அன்றைக்கு விருந்தாளி வருகிறார், நெய்ச்சோறும் கறியும் தாளிச்சாவும் ஆக்குகிறேன், உன் ஜோவை அடுத்த வாரம் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றாள் உம்மா. நான் அழுதேன். என் அழுகை அந்தக் கட்டடத்தில் பிரசித்தம். இரண்டாவது மாடி வரைக்கும் கேட்கும்.

கடைசியில் எனக்காகப் பேசியவர் சாச்சாதான். "செய்யட்டும் மதினி. ஒரு வாரமா புள்ளைக்கு அதே நெனப்பு. மொதல்ல அதை வைப்போம், பொறவு சோறு வைப்போம். எங்க வீட்டுப் புள்ள செஞ்சதுன்னு சொன்னா அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் எதையோ நினைத்துத் தயங்கியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணம் ஆகப்போகிறவர் வாய்விட்டுக் கேட்டதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு எனக்கு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கப்பட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கியது உம்மா. கறி பச்சை வாடை அடிக்கும் என்று இஞ்சி பூண்டு விழுது போட்டதும் உம்மா. வீடியோவில் சொன்ன ஏதோ ஒரு கறுப்பு சாஸ் கிடைக்கவில்லை. "புளிப்புத்தானே வேணும்" என்று புளியைக் கரைத்து ஊற்றியதும் உம்மா. நான் நாற்காலியில் ஏறி நின்று கிண்டினேன், சர்க்கரை போட்டேன், வீடியோக்காரி மாதிரி இங்கிலீஷில் சட்டியோடு பேசினேன். சமைத்தவள் நான்தான் என்பதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லை.

வட்ட பன் வாங்கிவர சாச்சா கீழே போனார். கிராசரியில் வட்ட பன் தீர்ந்துபோயிருந்தது. அவர் வாங்கி வந்தது சமூன், அரபிகள் தின்கிற நீளமான ரொட்டி. பரவாயில்லை என்றேன். உலகத்தில் எத்தனையோ விஷயங்களுக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட நான், அன்றைக்கு அந்த ரொட்டிக்கு மட்டும் ஒரு மூச்சு அழுதிருக்கலாம். வட்ட பன்னை ஒரு கையால் பிடித்துத் தின்றுவிடலாம். நீள சமூனை நடுவில் பிளந்து குழம்பாக எதையாவது வைத்தால், இரண்டு முனையையும் பிடிக்க இரண்டு கை வேண்டும்.

ரொட்டியை வைத்துவிட்டு சாச்சா அடுக்களை வாசலிலேயே நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். அத்தர் மணத்தது. உம்மாவிடம் தாழ்ந்த குரலில், "சாப்பாடு முடியட்டும் மதினி. டீ குடிக்கும்போது நானே சொல்லிடுறேன். மறைச்சு வச்சு நிக்காஹ் பண்ண மாட்டேன்" என்றார்.

"மொதல்ல அவங்க உங்களைப் பாக்கட்டும் தம்பி, பழகட்டும். பொறவு சொல்லுங்க" என்றாள் உம்மா. "நல்லதே நடக்கும்."

நான் நாற்காலி மேல் நின்று இதையெல்லாம் கேட்டேன். டீ குடிக்கும்போது சாச்சா எதைச் சொல்லப்போகிறார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. இந்த ஸ்லாப்பி ஜோவைச் செய்தது யார் என்றுதான் சொல்லப்போகிறார். அதற்கு ஏன் டீ வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல்.

தாய்மாமா சொன்ன நேரத்துக்கு வந்தார். நல்ல உயரம், வெள்ளை ஜுப்பா, மருதாணி போட்ட தாடி. சிடுமூஞ்சியாக இருப்பார் என்று பயந்திருந்தோம். மனிதர் அப்படி இல்லை. எனக்கு சாக்லேட் கொண்டுவந்திருந்தார். வாப்பாவோடு மார்க்கெட் நிலவரம் பேசினார், சாச்சாவிடம் டூட்டி நேரமெல்லாம் கேட்டார். சாச்சா சொன்ன ஏதோ ஒரு கோடவுன் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். உள்ளறை வாசல் திரைக்குப் பின்னால் நின்ற உம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

தரையில் சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சாச்சா சம்மணம் போட்டு, இடது கையைத் தொடைக்கு அருகில் கிடத்திக்கொண்டார். அதைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. நம் சாப்பாட்டில் இடது கைக்கு என்ன வேலை? சோறு வந்திருந்தால் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, சிரித்துப் பேசி, டீயும் வந்து, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியும் முடித்திருப்பார். எத்தனையோ விருந்தில் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கையை மறைக்க அவர் எந்த வித்தையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நம் பழக்கமே மறைத்துக் கொடுத்தது.

சோற்றுக்கு முன்னால் நான் வந்தேன். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு சமூன். நானே உள்ளிருந்து கொண்டுவந்து வைத்தேன். உம்மா கறியைக் கொஞ்சமாக வைத்திருந்ததைப் பார்த்து, வெளியே எடுத்துப்போகும் முன் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைத்திருந்தேன்.

"மாஷா அல்லாஹ், இது என்னமா?" என்றார் தாய்மாமா.

நான் விளக்கினேன். வீடியோவில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். இதை ரொட்டியைப் பிய்த்துத் தின்னக் கூடாது, ஸ்பூனால் தின்னக் கூடாது, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கடிக்க வேண்டும், அதுதான் முறை என்றேன். வாப்பா எடுத்துக் கடித்தார். தாய்மாமா ஜுப்பா கையை மடித்துவிட்டுக்கொண்டு கடித்தார், தாடியில் ஒட்டியதை வழித்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றார். சாச்சா வலது கையால் ஓரத்திலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார்.

"சாச்சா! அப்படி இல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க!"

"இருக்கட்டும் புள்ள, நான் இப்படியே..."

"இல்ல! ரெண்டு கையாலயும்!" என் குரல் ஏற்கெனவே அழுகையின் வாசலில் நின்றது. அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தாய்மாமா சிரித்துவிட்டார். "புள்ளதான் இவ்வளவு சொல்லுதுல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க மாப்ளே!"

மாப்ளே என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் உம்மா அதைக் கேட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னதாகப் பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். சாச்சாவும் கேட்டார். அவர் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அதைச் செய்தார் என்று நினைக்கிறேன்; பாதி எனக்காகவும் இருக்கலாம். மறுத்திருந்தால் நான் அழுது ஊரைக் கூட்டியிருப்பேன்.

இரண்டு கைகளையும் கொண்டுவந்தார். வலது கை ரொட்டியைத் தூக்கியது. இடது கை அடியில் தாங்கினாற்போல் வந்தது, தாங்கவில்லை. சமூன் நடுவில் மடிந்து, நான் அள்ளி வைத்த அத்தனை கறியும் புதுச் சட்டையிலும் மடியிலும் கொட்டியது. சூடு. அவர் பதறி அதைத் தட்டிவிடப் போனபோது, அந்த இடது கை மடங்காத விரல்களோடு சுப்ராவில் தொப்பென்று விழுந்து கிடந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு வார உழைப்பு மடியில் கிடக்கிறது. ஆனாலும் சாச்சாவை யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. அதனால் விருந்தாளிக்கு விளக்கினேன்.

"அது சோம்பேறிக் கை. அது எதையும் பிடிக்காது. ஷட்டர் விழுந்ததுலேருந்து அப்படித்தான்."

தாய்மாமா தன் ரொட்டியைத் தட்டில் வைத்தார். நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "கைக்கு என்ன தம்பி?" என்றார்.

மறுபடியும் தம்பி ஆகிவிட்டார் சாச்சா. அது என் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை.

சாச்சா எல்லாவற்றையும் சொன்னார். ஷட்டர், ஆபரேஷன், டாக்டர் சொன்னது எல்லாம். கடைசியில், "சாப்பிட்டு முடிச்சதும் சொல்லணும்னுதான் இருந்தேன் மாமா" என்றார்.

அது எப்படிக் கேட்டது என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஹோம்வொர்க் நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் மிஸ் என்று நான் சொல்வேனே, அந்த மாதிரி கேட்டது. வாப்பாவும், "ஆமா, சொல்லத்தான் இருந்தான்" என்றார். வாப்பா அண்ணன்காரர், அப்படித்தானே சொல்வார். திரைக்குப் பின்னால் உம்மா நின்றாள். அவளுக்கு உண்மை தெரியும், ஆனால் அந்த இடத்தில் அவள் குரல் எழும்பாது. எழும்பினாலும் அவளும் வீட்டு ஆள்தான்.

அந்த ஹாலில் ஒரே ஒருத்தியின் பேச்சைத்தான் அவர் கேள்வி கேட்காமல் நம்பியிருப்பார். ஒரு நொடிக்கு முன்னால் தன் வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைத்தவள், பொய் சொல்லத் தெரியாதவள் என்று நிரூபித்துவிட்டவள். "ஆமா, டீ குடிக்கும்போது சொல்றேன்னு அடுக்களையில உம்மாகிட்ட சொன்னாங்க, நான் கேட்டேன்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாததைச் சொன்ன வாய் அது. சொல்ல வேண்டியதற்கு மூடிக்கொண்டது. ஏனென்றால் சாச்சா சொல்வதாக இருந்தது என் சமையலைப் பற்றி என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அதை இனி யார் சொன்னால் என்ன என்று உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

தாய்மாமா நெய்ச்சோறும் சாப்பிட்டார், தாளிச்சாவைப் பாராட்டவும் செய்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி. கையை ஒண்ணும் சொல்லல. ஆனா சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் புறப்படும்போது சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஊரிலிருந்து போன் வந்தது. நல்லது எதுவென்று அல்லாஹ்விடம் வழி கேட்கிற இஸ்திகாரா தொழுது பார்த்தோம், மனசு ஒப்பவில்லை என்றார்கள். வேண்டாம் என்பதை எங்கள் ஊரில் அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் உம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. யதார்த்தமாகத்தான் சொன்னாள், குற்றம் சொல்லவில்லை. சாச்சாவுக்கு ஐந்து வருடம் கழித்து வேறிடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கிறார்கள். பேச்சை எடுத்தால், "அட, அதைப் போயி இன்னும் நெனச்சிக்கிட்டிருக்கியா" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த ஐந்து வருடமும் அவர் ஊருக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் போனிலிருந்து எப்போது அழித்தார் என்பது தெரியாது.

அன்று எனக்குத் தெரிந்தது வேறு. கல்யாணத்துக்கு என்று எனக்கு ஒரு பச்சை காக்ராவுக்குத் துணி எடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எப்போது ஊருக்குப் போகிறோம் என்று சாச்சாவிடமே கேட்டேன்.

"லீவ் கிடைக்கல புள்ள" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் வாப்பாமாருக்கு லீவ் கிடைக்காது. லீவ் கொடுக்காதவர் யார் என்றும் எனக்குத் தெரியும்: கபீல், கடைக்குச் சொந்தக்காரரான அரபி. நான் பார்த்தே இராத அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. என் சாச்சாவின் கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். தொழுகை முடிந்ததும் தினமும் அவருக்கு எதிராக துஆ கேட்டேன். அவர் கார் நடுரோட்டில் நிற்க வேண்டும், அவருக்கும் யாரும் லீவ் கொடுக்கக் கூடாது, அவர் செய்ததற்கு அவர் அழ வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன்.

ஒருநாள் சாச்சா அதைக் கேட்டுவிட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கும் கெட்டது கேக்கக் கூடாதுமா. தெரியாம செஞ்சிருப்பாங்க. தெரியாம செஞ்சதை அல்லாஹ்வே குத்தமா எடுத்துக்க மாட்டான்."

"நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

"அன்னைக்கே."

எனக்கு அது பிடிக்கவில்லை. சாச்சா இப்படி எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துப் போவதால்தான் அவரை ஏய்க்கிறார்கள் என்று தோன்றியது. தெரியாமல் செய்தாலும் தப்பு தப்புதான், அந்த ஆளை அல்லாஹ் சும்மா விடக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து துஆவைத் தொடர்ந்தேன்.